பேட்டரி இல்லாத வண்டி

எங்கள் வரிசையில் ஆறு கடைகள். எல்லாமே வண்டி வேலைதான். முதல் கடை என்னுடையது. மோட்டார் சைக்கிள்களுக்கு சீட்டு தைக்கிறேன். எனக்கு அடுத்த கடை ஒயரண்ணனுடையது. வண்டியின் மின்சார வேலையைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்து நின்றால், பேசாமல் மூன்றாவது கடையைக் கை காட்டிவிடுவார். அவருடைய சொந்தப் பெயர் வரிசையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சிக்கு விழுந்த எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பார்சல் கட்டி வரும் சணல் கயிற்றைக்கூடப் பொறுமையாக முடிச்சவிழ்த்து, சுருட்டி, ஆணியில் மாட்டிவைப்பார். "என் தலைமுடியத் தவிர மத்த எல்லாத்துலயும் சிக்கெடுத்திருவாரு" என்று அண்ணி, அதாவது அவர் மனைவி, சொல்வார். ஆனால் ஒரு காலத்தில் அதையும் செய்தவர்தான் அவர். பத்தொன்பது வயதில், ஒரே வருடத்தில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். ஒன்பது வயதுத் தங்கை அவர் கையில் நின்றாள். தினமும் காலையில் அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். பின்னல் கோணலாக இருந்தால் அவிழ்த்து மறுபடியும் பின்னுவாராம். அதனால் பள்ளிக்கு எப்போதும் தாமதம் என்று அந்தத் தங்கையே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

தங்கை படித்து, இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் ஒரு வெல்டர். இரும்பு கேட் செய்வதில் கெட்டிக்காரர் என்பதால் எல்லோருக்கும் அவர் கேட்டுக்காரர். ஒயரண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கை மகள்தான் உயிர். மாப்பிள்ளையும் மச்சானும் பேசிக்கொள்வதைப் பார்த்தால் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். "மாப்ள பாத்தது நான், கட்டிக்கிட்டது அவ. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா என் கடையிலதான் கெடக்காரு" என்பார் ஒயரண்ணன்.

கேட்டுக்காரருக்கு ஒரே ஓர் ஆசை. சொந்தக் கையால் ஒரு மோட்டார் சைக்கிள் கட்ட வேண்டும். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு வண்டியை வாங்கி வந்தார். மூன்று வருடம், ஞாயிறு ஞாயிறாக வேலை நடந்தது. சட்டத்தை அறுத்து நீட்டினார். பெட்ரோல் டாங்கைத் தகடு வளைத்து அவரே செய்தார். முன் ஃபோர்க் நீளம், பின்பக்கம் தாழ்வு, நடுவில் எலும்பும் தோலுமாக ஒரு எஞ்சின். சீட்டு நான் தைத்தது. ஒற்றைச் சீட்டு, கறுப்பு ரெக்ஸின், ஓரத்தில் பழுப்பு நூல். என் தொழிலில் நான் பெருமைப்படும் நாலைந்து வேலைகளில் அதுவும் ஒன்று.

மீதமிருந்தது ஒயரிங். அந்த வண்டி எத்தனை கை மாறியதோ, அத்தனை மெக்கானிக்குகளும் ஆளுக்கொரு ஒட்டுப் போட்டிருந்தார்கள். டேப்பின் மேல் டேப், ஒட்டின் மேல் ஒட்டு. பூனை உருட்டிப் போட்ட நூல்கண்டு மாதிரி இருந்தது. ஒயரண்ணன் முதல் நாளே முழுவதையும் வெட்டியெடுத்துத் தராசில் வைத்துக் காட்டினார். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருந்தது. "இவ்ளோ நாளு இந்தப் பாவப்பட்ட வண்டி இதையெல்லாம் சொமந்துக்கிட்டு ஓடியிருக்கு பாரு" என்றார்.

பிறகு ஓர் அட்டையை எடுத்து, பென்சிலால் வரைய ஆரம்பித்தார். இண்டிகேட்டர் வேண்டாம். செல்ஃப் ஸ்டார்ட் வேண்டாம், உதைத்தால் போதும். சாவிப் பூட்டுக்குப் பதில் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். எஞ்சினுக்குள் சுற்றும் காந்தச் சக்கரம் மின்சாரம் தரும். ஒரு ரெகுலேட்டர் அதை அளவுக்குள் வைத்திருக்கும். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கெப்பாசிட்டர்; ஓரிரு நொடிக்கான மின்சாரத்தை மட்டும் தேக்கிவைக்கும். அங்கிருந்து முன் விளக்கு, பின் விளக்கு, பிரேக் விளக்கு, ஹாரன். ஒரே ஒரு ஃபியூஸ். மொத்தம் பதினோரு ஒயர்கள். எல்லாவற்றையும் சட்டத்தின் குழாய்க்குள்ளேயே ஓட்டிவிட்டார். வெளியே நின்று பார்த்தால் ஒரு நூல்கூடத் தெரியாது.

வேலை முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சீட்டைப் பொருத்திப் பார்க்க வந்து, கீழே உட்கார்ந்து போல்ட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கேட்டார்.

"மச்சான், பின் லைட்டுக்கு மட்டும் சின்னதா ஒரு பேட்டரி வச்சிடலாமா? வழியில எஞ்சின் நின்னுட்டா மொத்தமா இருட்டாயிடுமே."

"ஏன் நிக்கப் போகுது? என் வேலை மேல நம்பிக்கை இல்லையா மாப்ள? பேட்டரின்னு ஒண்ணு வந்தா அதுக்கு ஒரு பெட்டி, அதுக்கு ரெண்டு ஒயரு, தனியா ஒரு ஃபியூஸ். மறுபடியும் சிக்கு. சுத்தமா முடிஞ்சதைக் கெடுக்காதீங்க."

"சரி மச்சான். நீங்க சொன்னா சரிதான்."

அவ்வளவுதான் பேச்சு. அரை நிமிடம்கூட இருக்காது. நானும் தலை நிமிரவில்லை.

வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. முன் விளக்கு, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மங்கலாகவும் முறுக்கினால் பளிச்சென்றும் எரிந்தது. வரிசையே வேடிக்கை பார்த்தது. ஒயரண்ணன் அந்த அட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பதினோரு ஒயருதான். எண்ணிப் பாருங்க" என்பார். பெருமையடித்துக்கொள்ளும் ஆளில்லை அவர். அந்த ஒரு வேலையில்தான் அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு.

நாலு மாதம் ஓடியது. பிறகு மழைக்காலம் வந்தது.

ஒரு சாயங்காலம், அலுவலகங்கள் விடும் நேரம். மழையால் பொழுது சீக்கிரமே மங்கிவிட்டது. கேட்டுக்காரர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மேம்பாலத்தின் இறக்கத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. ஸ்பார்க் பிளக் மூடிக்குள் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். அது யாருடைய வேலையிலும் உள்ள குற்றமில்லை. எந்த வண்டிக்கும் நடப்பதுதான். எஞ்சின் நின்ற இரண்டாவது நொடியில் விளக்குகளும் நின்றன. அவர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். போட்டிருந்தது கறுப்பு மழைக்கோட்டு. பின்னால் இறங்கி வந்த ஒரு ரொட்டி வேன் மோதியது.

மருத்துவமனைக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நானும் ஒயரண்ணனும்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் அந்த வேன் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். அந்த மனிதர் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "சத்தியமாத் தெரியலைங்க. ஒரு பொட்டு செவப்பு தெரிஞ்சிருந்தாக்கூட பிரேக் அடிச்சிருப்பேன்."

ஒயரண்ணன் அங்கேயே நின்றுவிட்டார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

சாவு வீட்டில் அவர் அழவில்லை. ஆண்பிள்ளை, தாங்கிக்கொள்கிறார் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியும், அது தாங்கிக்கொள்வதல்ல. ஓடியாடி எல்லாக் காரியமும் பார்த்தார். தங்கை மகளுக்கு ஆறு வயது. அவளைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

வண்டியைப் பரிசோதித்த அதிகாரி, மோதலில் மின் இணைப்புகள் சேதமடைந்துவிட்டன என்று எழுதிவிட்டுப் போனார். மோதுவதற்கு முன்பே விளக்கு எரியவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. வேன் ஓட்டுநர் சொன்னதை, தப்பிக்கச் சொல்லும் பொய் என்று எடுத்துக்கொண்டார்கள். வேகமாகவும் கவனமில்லாமலும் ஓட்டினார் என்று வழக்கு. தங்கைக்கு அந்த ஒரு நினைப்புதான் பிடிமானம். "அந்த ஆளு உள்ள போகணும்ணா. அதைப் பாத்தாதான் எனக்கு ஆறும்" என்று ஒயரண்ணனிடம் சொன்னாளாம். அவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

பதினைந்து நாள் கழித்துக் கடையைத் திறந்தார். திறந்தாரே தவிர வேலை ஓடவில்லை. ஒரு ஹாரன் மாற்ற வந்த வண்டியைக் காலையிலிருந்து மத்தியானம் வரை வைத்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்த அட்டையைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டிருந்தார். அன்று மாலை என் கடைக்குள் வந்து, நான் தையல் மிஷினை நிறுத்தும்வரை நின்றார்.

"அன்னிக்கு நீ இருந்தியே" என்றார்.

"இருந்தேன்."

"மாப்ள பேட்டரி கேட்டாருல்ல? என் காதுல மட்டும் விழுந்த மாதிரி இருக்கு. நீயும் கேட்டியான்னு தெரிஞ்சுக்கணும்."

"கேட்டாரு அண்ணே."

அவர் பெருமூச்சு விட்டார். நான் என் அறிவுக்கு எட்டியதைச் சொன்னேன். நடந்தது நடந்துவிட்டது, போன உயிர் திரும்பி வரப்போவதில்லை, இதை இனிக் கிளறினால் இருக்கிற உறவும் போய்விடும், மனதுக்குள் போட்டுப் புதைத்துவிடுங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ரொட்டி வேன்காரரு?" என்றார். அன்று நான் சொன்ன புத்திமதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணியும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். புருஷனைப் பறிகொடுத்தவள் அண்ணனையும் பறிகொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். ஆனால் அவர் சாப்பிடாமல், எதிரில் வைத்த தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதை எத்தனை நாள் பார்க்க முடியும்? மூன்றாம் நாள் அண்ணியே சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "வாங்க, போய்ச் சொல்லிட்டு வந்துருவோம். நானும் வர்றேன்" என்றாராம்.

அங்கே நடந்ததை அண்ணிதான் பிறகு என்னிடம் சொன்னார். குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒயரண்ணன் சுற்றி வளைக்கவில்லை. எஞ்சின் நின்றால் அந்த வண்டியில் விளக்கு எரியாது, அப்படித்தான் தான் செய்தது, வேன்காரர் சொன்னது பொய்யில்லை என்றார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. அவர் மேலும் சொன்னார். ஒரு சின்ன பேட்டரி வைத்திருந்தால் பின் விளக்கு எரிந்திருக்கும், மாப்பிள்ளை அதைக் கேட்டார் என்று.

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"அவரு கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ வேணாம்னியா?"

"ஆமா."

"ஏன்?"

"அழகு கெட்டுடும்னு" என்றார்.

அவள் மடியிலிருந்த சட்டையைப் பார்த்தாள். அது கேட்டுக்காரருடைய வேலைச் சட்டை. தீப்பொறி பட்டு அங்கங்கே ஓட்டை விழுந்தது. அதை மடித்து, அடுக்கின் மேல் வைத்து, கையால் ஒருமுறை தடவிவிட்டாள். "நீ போண்ணா" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அண்ணி சொன்னார்.

மறுநாள் இழுப்பறையிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் போனார். நானும் கூடப் போனேன். புத்திமதி சொன்ன பாவத்துக்கு அதையாவது செய்யலாமே என்று. அதிகாரிக்கு முதலில் பிடிபடவில்லை. யாரும் உன்னைக் கேட்கவில்லையே, இதையெல்லாம் ஏன் வந்து சொல்கிறாய் என்று இரண்டு முறை கேட்டார். ஒயரண்ணன் அட்டையை மேஜையில் விரித்து, எந்த ஒயர் எங்கே போகிறது, ஏன் எஞ்சின் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று, வாடிக்கையாளருக்கு விளக்குவது போல விளக்கினார். பேட்டரி வேண்டாம் என்று சொன்னது தான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக நானும் கையெழுத்துப் போட்டேன்.

வேன்காரர் கொஞ்சம் வேகமாக வந்ததும் உண்மைதான். அதற்கு உரிய தண்டனையோடு வழக்கு முடிந்தது. ஆறு மாதம் வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். சிறை இல்லை. ஒயரண்ணனையும் விசாரித்து, எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அதுவே பெரிய தண்டனையாகிவிட்டது. பிடித்து உள்ளே போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். தங்கச்சி தாலியை அறுத்தவன் என்றும் ஒருத்தர் சொன்னார். அது அவர் காதுக்கும் வந்தது. "இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு தங்கை வீட்டுப் பக்கம் அவர் போகவில்லை. அண்ணி மட்டும் வாரத்துக்கு ஒருமுறை போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் ஒயரண்ணன் ஒன்றும் கேட்க மாட்டார். அண்ணி தானாகவே, குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டது, கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள் என்று சமையலறையிலிருந்து சுவரோடு பேசுவது போலச் சொல்வார். இவர் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பார்.

வேலையை விடவில்லை. ஆனால் பேட்டரியைத் தூக்கிவிடச் சொல்லி யார் வந்தாலும் திருப்பி அனுப்பினார். அப்படிச் செய்து தரச் சொல்லி நிறையப் பேர் வந்தார்கள். அந்த வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள்தான். எந்த வண்டியை முடித்தாலும் எஞ்சினை அணைத்துவிட்டு, பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். அவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்.

வண்டி ஓட்டக்கூடாது என்ற ஆறு மாதம் முடிந்ததும் அந்த வேன்காரர் கடையைத் தேடி வந்தார். மறுபடியும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "நீங்க வந்து சொல்லலேன்னா என் குடும்பம்..." என்று ஆரம்பித்தார். ஒயரண்ணன் பட்டென்று எழுந்துவிட்டார்.

"நன்றி மட்டும் சொல்லாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், சொல்லாதீங்க."

"இப்பவும் அந்தப் பாலத்துல எறங்கறப்ப பிரேக்லயே கால் வச்சுக்கிட்டுத்தாங்க வர்றேன்" என்றார் வேன்காரர். நான் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டேன். வேன்காரர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அதற்கு முன்பே, வழக்கு முடிந்து வண்டியை விடுவித்தபோது, தங்கை அண்ணியிடம் சொல்லியனுப்பினாள்: எனக்கு அது வேண்டாம், அண்ணனே எடுத்துப் போகட்டும். ஃபோர்க் வளைந்து, டாங்க் நசுங்கி வந்து சேர்ந்தது. நான் தைத்த சீட்டு கிழியாமல் இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஒயரண்ணன் வளைந்ததை நிமிர்த்தவோ நசுங்கியதை எடுக்கவோ யாரையும் கூப்பிடவில்லை. சீட்டைக் கழற்றி, சோப்புப் பெட்டி அளவில் ஒரு பேட்டரியை வைத்து, பின் விளக்குக்கு மட்டும் இணைப்புக் கொடுத்தார். சட்டத்தை அறுக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டிகூட வேண்டியிருக்கவில்லை. சீட்டுக்கு அடியில் அந்த இடம் முதலிலிருந்தே காலியாகத்தான் இருந்தது. ஒரு மணி நேர வேலை.

கேட்டுக்காரர் போய்ப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம், வேலை செய்யும் இடத்திலிருந்து நேராகத் தங்கை வந்து நின்றாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். இடையில் பலகைத் தடுப்புதான். காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றவில்லை.

"எங்க வச்சிருக்கணும் அந்த பேட்டரிய? காட்டு" என்றாள்.

சீட்டைத் தூக்கும் சத்தம் கேட்டது. அவர் சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். எஞ்சின் ஓடாமலேயே அந்தப் பின் விளக்கின் சிவப்பு, தடுப்புக்கு மேலே தெரிந்த எதிர்ச் சுவரில் விழுந்தது. கழற்றித் தரச் சொன்னாள். கழற்றிக் கொடுத்தார். நான் எட்டிப் பார்த்தபோது அவள் அந்த பேட்டரியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்மா."

அவள் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினொரு மாதத்தில் முதல்முறையாக அவர் அழுததைக் கேட்டேன். அவளும் அழுதாள். ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளவில்லை, ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகத்தான் அழுதார்கள். நான் மிஷினை ஓட்டினேன், சத்தத்துக்காக. துணியே வைக்காமல்.

எழுந்து போகும்போது அவள் சொன்னாள்: "எனக்குக் கோவம் இருக்குண்ணா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அது எப்ப போகுமோ தெரியல. போறவரைக்கும் நீ காத்திருக்கணும்."

"இருக்கேன்."

அதன்பின் சில சனிக்கிழமைகளில் குழந்தையோடு வந்தாள். குழந்தை என் கடையில் ரெக்ஸின் துண்டுகளைப் பொறுக்கிப் பை தைக்கச் சொல்லும். பிறகு "மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டு அங்கே ஓடும். தங்கை பெரும்பாலும் என்னிடம்தான் பேசுவாள். அவர் கேட்பதற்குப் பதில் சொல்வாள். அவளாக ஒன்றும் கேட்க மாட்டாள்.

போன மாதம் அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வந்ததல்ல, அவளே கேட்டு வாங்கியது. அந்தப் பாலத்தின் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அதை வேறு யாரிடமும் சொல்வதற்கு முன் கடைக்கு வந்து ஒயரண்ணனிடம்தான் முதலில் சொன்னாள். அவர் "நல்லதும்மா" என்றார். குழந்தையை இனி எப்போது பார்ப்பது என்று அவர் கேட்கவில்லை.

பழைய வீட்டிலிருந்த மின்விசிறிகளையும் விளக்குகளையும் அவரே போய்க் கழற்றினார். சாமான் ஏற்றிய லாரியில் அவரும் ஏறிப் போய், புது வீட்டில் எல்லாவற்றையும் மாட்டிக்கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை திரும்பி வந்தார். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஜன்னல். காத்து நல்லா வருது" என்றார். "பாப்பாவுக்கு ஸ்கூல் நடக்கிற தூரந்தான்."

பிறகு ஷட்டரை முழுதாக ஏற்றிவிட்டு, வாசலில் வந்து நின்ற ஒரு ஸ்கூட்டரைப் பார்க்கப் போனார்.